மேலாளரின் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன், அது போதுமா?

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து 31 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

இருநூறு பேர் வேலை செய்யும் தனியார் நிறுவனம் ஒன்றில் அவருக்குப் பணி. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து சொந்த லேப்டாப்பில் வேலை பார்க்கிறார். மேலாளர் ஐந்து மாதங்களாக வாட்ஸ்அப்பிலும் டீம்ஸ் என்ற அலுவலகச் செயலியிலும் வேலைக்குச் சம்பந்தமில்லாத செய்திகளை அனுப்பி வந்தார். முதலில் உடை பற்றிய பாராட்டு, பிறகு இரவு நேர அழைப்பு, பிறகு கொச்சையான பேச்சு. ஒருமுறை வீடியோ கூட்டத்தில் இவர் குனிந்து சார்ஜரை எடுத்தபோது அந்தக் காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கீழே ஆபாசமான வரி ஒன்றை எழுதி இவருக்கே அனுப்பியிருக்கிறார். பத்து வாரங்களுக்கு முன் இவர் வேறு குழுவுக்கு மாறியதும் செய்திகள் நின்றன. அடுத்த மாதம் மீண்டும் அதே மேலாளரின் கீழ் வேலை பார்க்க நேரலாம் என்று பேச்சு அடிபடுகிறது.

கையில் இருபதுக்கும் மேற்பட்ட ஸ்கிரீன்ஷாட்கள் இருக்கின்றன. ஆனால் எல்லாவற்றிலும் செய்தியை மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிட்டார். அவற்றைத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத் தன் கணினியிலிருந்து அழித்துவிட்டார். வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் மூன்று வாரங்களுக்கு முன் கைபேசியில் இருந்த முழு உரையாடலையும் நீக்கிவிட்டார். டீம்ஸ் உரையாடல் அப்படியே இருக்கிறது. மேலாளர் அனுப்பிய அந்தப் படம் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருக்கிறது.

அவர் கேட்பவை: இந்த ஸ்கிரீன்ஷாட்கள் செல்லுமா? பிரிண்ட் எடுத்து நோட்டரியிடம் முத்திரை வாங்கினால் போதுமா? அந்த ஆள் திரும்பி வந்தால் அழைப்பைச் சொல்லாமல் பதிவு செய்யலாமா, அது குற்றமா? தம்பி முகநூலில் போடச் சொல்கிறார், போடலாமா? தோழி ஒருவருக்கு மேலாளரின் கணக்கு கடவுச்சொல் தெரியுமாம், அதில் நுழைந்து பார்க்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டவற்றில் பாதி, அவர் திரும்பி வரும்போது எப்படிப் பதிவு செய்வது என்பதைப் பற்றியது. அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றுதான் முதலில் சொல்லப்பட வேண்டும். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-இன் 9-ஆம் பிரிவுப்படி, சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள், இத்தகைய புகார்களை விசாரிக்க நிறுவனத்தில் உள்ள உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்துப் புகார் தர வேண்டும். தொடர் சம்பவங்களாக இருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். நீங்கள் கடிதம் எழுதிய அன்றே பத்து வாரம் ஆகிவிட்டது. உங்களிடம் மிச்சமிருப்பது மூன்று வாரம்கூட இல்லை. குழு நினைத்தால் காரணத்தை எழுத்தில் பதிந்து இன்னொரு மூன்று மாதம் நீட்டிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அது குழுவின் விருப்பம், உங்கள் உரிமை அல்ல. 'இன்னும் நல்ல ஆதாரம் கிடைக்கட்டும்' என்று அவர் திரும்பி வருவதற்காகக் காத்திருந்தால், இருக்கும் ஆதாரத்தோடு புகார் கொடுக்கும் வாய்ப்பையே இழக்க நேரலாம். இப்போதே கொடுங்கள்.

இருக்கும் ஆதாரம் போதுமா என்று தயங்குகிறீர்கள். உள்ளகப் புகார்க் குழு நீதிமன்றம் அல்ல. குற்ற வழக்கில் கேட்பதுபோல் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணத்தை அது கேட்பதில்லை. நடந்திருக்க அதிக வாய்ப்பு எந்தப் பக்கம் என்று பார்க்கிறது. ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லவும், ஆட்களை வரவழைத்து விசாரிக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அதற்கு இருக்கிறது. நிறுவனத்தின் டீம்ஸ் கணக்கில் என்ன இருக்கிறது என்பதை நீங்கள் திருட்டுத்தனமாக எடுக்க வேண்டியதில்லை. குழு கேட்டால் நிறுவனம் கொடுத்தாக வேண்டும். நிரூபிக்க முடியாமல் போவது வேறு, பொய்ப் புகார் வேறு என்பதையும் அந்தச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. போதிய ஆதாரம் இல்லை என்பதற்காக மட்டும் உங்கள் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது.

வெட்டிய படம் ஏன் பலவீனம்

வாட்ஸ்அப் வெப்பை பிரவுசரில் திறந்து, திரையில் தெரியும் எந்தச் செய்தியையும் ஒரு நிமிடத்தில் வேறாக மாற்றிக்காட்ட முடியும். அதற்கு மென்பொருள்கூட வேண்டாம். பிரவுசரிலேயே அந்த வசதி உண்டு. பக்கத்தை மறுபடி ஏற்றினால் பழையது வந்துவிடும், ஆனால் நடுவில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் பொய்ச் செய்தி அசலைப் போலவே இருக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எழுப்பும் ஆட்சேபம் இதுவாகத்தான் இருக்கும். செய்தியை மட்டும் வெட்டி வைத்த படம் இந்த ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லாது. யார் அனுப்பியது, எந்த எண்ணிலிருந்து, எந்த நாளில், அதற்கு முன்னும் பின்னும் என்ன பேச்சு என்ற எல்லாவற்றையும் நீங்களே வெட்டி எறிந்துவிட்டீர்கள்.

வாட்ஸ்அப்பில் இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. மேலே தெரியும் பெயர் நீங்கள் சேமித்த பெயர். யாருடைய எண்ணையும் எந்தப் பெயரிலும் சேமிக்கலாம், ஆகவே பெயர் எதையும் நிரூபிக்காது. தொடர்பு விவரத்தைத் திறந்து எண் தெரியும்படி எடுத்தால்தான் பயன். இரண்டாவது, அண்மைச் செய்திகளுக்கு மேலே தேதி இருக்காது. 'இன்று', 'நேற்று', அல்லது கிழமைப் பெயர்தான் இருக்கும். 'செவ்வாய்' என்று மட்டும் தெரியும் படத்தைக் கொண்டு எந்தச் செவ்வாய் என்று சொல்ல முடியாது. திரையின் கீழ் வலது மூலையில் உள்ள கடிகாரமும் தேதியும் சேர்ந்து வந்தால் அந்தக் குழப்பம் தீரும்.

தம்பிக்கு வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பியதில் இன்னொரு இழப்பு. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, புதிய ஃபைலாக மாற்றித்தான் அனுப்பும். தம்பியிடம் இருப்பது நீங்கள் எடுத்த ஃபைல் அல்ல, அதன் நகல். அதே படத்தை 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பியிருந்தால் மாறாமல் போயிருக்கும். இருந்தாலும் அந்த நகல்களைத் தம்பி அழிக்கக் கூடாது. அவை அவருக்கு வந்து சேர்ந்த தேதி, அந்தச் செய்திகள் அன்றே இருந்தன என்பதற்குச் சான்று. புகார் கொடுக்க முடிவு செய்த பிறகு ஜோடித்தது என்று சொல்ல அது இடம் கொடுக்காது.

அழித்ததை நினைத்து

உரையாடலை நீக்கியதற்காக உங்களை நீங்களே கடிந்துகொண்டு எழுதியிருக்கிறீர்கள். பயத்தில் செய்தது, பலரும் செய்வது. புகாரில் அதை மறைக்காமல், எப்போது, ஏன் நீக்கினீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். பிறகு தெரியவந்தால்தான் அது சந்தேகமாகும்.

இனிச் செய்ய வேண்டியதில் அவசரமானது, கைபேசியில் வாட்ஸ்அப்பின் தானியங்கி பேக்கப்பை நிறுத்துவது. புதிய பேக்கப் பழையதன் மேல் எழுதப்படும்; தினமும் பேக்கப் ஆகும்படி வைத்திருந்தால் நீக்கிய உரையாடல் அதில் இப்போது இருக்காது. மாதம் ஒருமுறை என்று வைத்திருந்தால் இன்னும் இருக்கலாம். கடைசி பேக்கப் தேதியை அமைப்புகளில் பாருங்கள். நீக்கிய நாளுக்கு முந்தைய தேதியாக இருந்தால் நீங்களாக எதையும் செய்யாதீர்கள். வாட்ஸ்அப்பை அழித்து மறுபடி நிறுவினால் பழையது வரும் என்று யூடியூபில் சொல்வார்கள். அப்படிச் செய்தால் அந்த பேக்கப்புக்குப் பிறகு வந்த செய்திகள் போய்விடும், நிறுவலில் தடங்கல் வந்தால் இரண்டும் போய்விடும். கணினித் தடயவியல் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்யுங்கள். கைபேசியை விற்கவோ, பழைய நிலைக்கு மீட்டமைக்கவோ கூடாது.

அந்தச் செய்திகள் அனுப்பியவரின் கைபேசியிலும் இருக்கும். உங்கள் பக்கம் நீக்கியது அவர் பக்கம் நீங்காது. 'எல்லோருக்கும் நீக்கு' என்ற வசதியை வாட்ஸ்அப் இரண்டு நாளுக்குச் சற்று மேல்வரைதான் தருகிறது; ஐந்து மாதத்துச் செய்திகளை இப்போது அவரால் உங்கள் பக்கமிருந்து அழிக்கவும் முடியாது. தன் கைபேசியில் வேண்டுமானால் அழிக்கலாம். அதனால்தான் புகாரிலேயே, 'இரு தரப்பு உரையாடல்களையும் டீம்ஸ் பதிவுகளையும் பாதுகாக்க உத்தரவிடுங்கள்' என்ற கோரிக்கையைத் தனிப் பத்தியாக எழுத வேண்டும். நிறுவனங்கள் டீம்ஸ் செய்திகளை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று தாங்களே நிர்ணயிக்கின்றன. சில இடங்களில் குறிப்பிட்ட காலம் கழிந்ததும் அவை தானாக அழியும்.

மீதமுள்ளதை எப்படி எடுப்பது

டீம்ஸ் உரையாடல் இன்னும் இருக்கிறதே, அதை இன்றே எடுங்கள். நீங்களே எடுங்கள், தம்பி வேண்டாம். யார் எடுத்தாரோ, யாருடைய கணினியோ, அவர்தான் பின்னால் சான்றிதழில் கையெழுத்திட வேண்டும்.

தொடங்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். சொந்த லேப்டாப் என்றாலும் அலுவலகக் கணக்கில் நுழைந்து வேலை பார்க்கிறீர்கள். அந்தக் கணக்கின் ஒன்டிரைவ் என்ற இணையச் சேமிப்பகம் உங்கள் பிக்சர்ஸ் ஃபோல்டரைத் தன் வசம் எடுத்திருந்தால், நீங்கள் எடுக்கும் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் நேராக நிறுவனத்தின் சேமிப்பகத்துக்குப் போய்ச் சேரும். நிர்வாகி பார்க்கலாம், நீங்கள் வேலையை விட்டு, கணக்கு மூடப்பட்டால் அவை உங்களுக்குக் கிடைக்காமலும் போகலாம். பிக்சர்ஸ் ஃபோல்டரைத் திறந்து மேலே உள்ள முகவரியில் ஒன்டிரைவ் என்றோ நிறுவனப் பெயரோ தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் ஒன்டிரைவ் அமைப்புகளில் அந்த ஃபோல்டரின் பேக்கப்பை நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள்.

வின்டோஸ் 11-இல் வின்டோஸ் விசையையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் சேர்த்து அழுத்தினால் முழுத்திரையும் படமாகி, பிக்சர்ஸுக்குள் இருக்கும் ஸ்கிரீன்ஷாட்ஸ் ஃபோல்டரில் தானாகச் சேரும். உங்களுக்கு வேண்டியது இதுதான். வின்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் அழுத்தும் வழக்கம்தான் உங்களிடம் இருக்கிறது என்று ஊகிக்கிறேன். அது பகுதியை வெட்டி எடுப்பதற்கு. அதைத் தவிருங்கள். படத்தில் பிரவுசரின் முகவரிப் பட்டை, உரையாடலின் மேல்பகுதி, கீழே டாஸ்க்பார் கடிகாரம் மூன்றும் இருக்க வேண்டும். உருட்டி அடுத்ததை எடுக்கும்போது, முந்தைய படத்தின் கடைசி இரண்டு செய்திகள் அடுத்த படத்தின் மேலே மறுபடி வரட்டும். அப்படித் தொடர்ச்சியாக இருந்தால் நடுவில் எதையோ விட்டுவிட்டார் என்று சொல்ல முடியாது. உங்களுக்குச் சங்கடமான உங்கள் சொந்தப் பதில்களையும் விடாதீர்கள். அவர் அனுப்பியதற்கு நீங்கள் ஒரு சிரிப்புக்குறி போட்டிருக்கலாம். மேலாளருக்குப் பயந்து போட்டது என்று விளக்க முடியும். அந்தச் செய்தி இல்லாத படத்தைக் கொடுத்து, அவர் முழுப் படத்தைக் கொடுத்தால்தான் விளக்க முடியாமல் போகும்.

பிறகு அதே உரையாடலை வீடியோவாகவும் ஒருமுறை பதிவு செய்யுங்கள். வின்டோஸ் 11-இல் உள்ள ஸ்னிப்பிங் டூலில் வீடியோ குறியைத் தேர்ந்து, முழுத்திரையையும் வளைத்து, ஒலியையும் இயக்கி ஆரம்பிக்கலாம். முதலில் தேதி தெரியும்படி கடிகாரத்தைச் சொடுக்கிக் காட்டுங்கள். பிறகு டீம்ஸைத் திறந்து, அவருடைய சுயவிவரத்தைத் திறந்து மின்னஞ்சல் முகவரியைக் காட்டி, முதல் செய்தியிலிருந்து கடைசி வரை மெதுவாக உருட்டுங்கள். ஒரு பக்கத்துக்கு நான்கைந்து விநாடியாவது நிற்க வேண்டும். குரல்செய்தி இருந்தால் முழுதாக ஓடவிடுங்கள். வின்டோஸோடு வரும் கேம் பாரை இதற்கு எடுக்காதீர்கள்; அது ஒரு செயலியின் ஜன்னலை மட்டுமே பதியும், டெஸ்க்டாப்பையும் கடிகாரத்தையும் பதியாது.

வேலைக்கு வேண்டிய வாடிக்கையாளர் விவரங்களோ மற்றவர்களின் உரையாடலோ ஒரு படத்தில்கூட வரக் கூடாது. அப்படி வந்தால் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறினீர்கள் என்று பேச்சு உங்கள் மேல் திரும்பும். அந்த ஜன்னல்களை எடுக்கும் முன்பே மூடிவிடுங்கள். எடுத்த பிறகு கறுப்புப் பட்டை பூசுவதென்றால் நகலில்தான் பூச வேண்டும், மூலத்தில் கை வைக்கக் கூடாது.

மேலாளர் அனுப்பிய அந்தப் படம் டவுன்லோட்ஸில் இருப்பது உங்களுக்குப் பெரிய பலம். அதைத் திறந்து மறுபடி சேமிக்க வேண்டாம், வெட்ட வேண்டாம், அப்படியே விடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டைவிட, வந்தபடியே இருக்கும் ஃபைலுக்கு மதிப்பு அதிகம்.

கைரேகை எண்

ஒரு ஃபைலின் முழு உள்ளடக்கத்திலிருந்தும் கணக்கிடப்படும் எண்தொடர் ஹாஷ். ஒரே ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் முற்றிலும் மாறிவிடும். பெயரை மாற்றினாலோ பென் டிரைவில் நகலெடுத்தாலோ மாறாது; வெட்டினாலோ, திருத்திச் சேமித்தாலோ, வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினாலோ மாறும். 'இன்று எடுத்த படமும் ஒரு வருடம் கழித்து நீதிமன்றத்தில் தரும் படமும் ஒன்றே' என்று காட்ட இதைவிட நேரான வழி இல்லை.

செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருளை நிறுவினால், ஃபைலின் மேல் வலது சொடுக்கு செய்யும்போது எஸ்எச்ஏ-256 என்ற வகை ஹாஷைக் கணக்கிடும் வசதி கிடைக்கும். 64 எழுத்தும் இலக்கமும் கொண்ட தொடர் வரும். ஒவ்வொரு ஃபைலின் பெயர், எடுத்த தேதி, நேரம், இந்தத் தொடர் ஆகியவற்றை ஒரு பட்டியலாக எழுதி, அன்றே உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து உங்களுக்கே அனுப்புங்கள். அந்த மின்னஞ்சலின் தேதியை நீங்கள் நினைத்தாலும் மாற்ற முடியாது. ஃபைல்களை இரண்டு பென் டிரைவில் நகலெடுத்து, ஒன்றை நம்பகமானவர் வீட்டில் வையுங்கள். நகலெடுத்ததும் 'உருவாக்கிய தேதி' நகலெடுத்த நாளாகக் காட்டும். பதற வேண்டாம், 'மாற்றிய தேதி'யும் ஹாஷும் பழையபடியே இருக்கும்.

நோட்டரி முத்திரை பற்றி

இது மிகப் பரவலான தவறான எண்ணம். பிரிண்ட் தன் முன்னிலையில் கையெழுத்தானது என்றோ, மூலத்தோடு ஒத்திருக்கிறது என்றோதான் நோட்டரி சொல்ல முடியும். அந்தச் செய்தி உண்மையில் அந்த எண்ணிலிருந்து வந்ததா என்பது அவருக்குத் தெரியாது. மின்னணு ஆவணத்தின் நகலுக்குச் சட்டம் கேட்பது வேறு சான்றிதழ். முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவில் இருக்கிறது. அதன் அட்டவணையில் உள்ள படிவத்துக்கு இரண்டு பகுதிகள். முதல் பகுதியைச் சாதனத்துக்குப் பொறுப்பானவர், அதாவது நீங்கள், நிரப்ப வேண்டும். எந்தச் சாதனம், அதன் தயாரிப்பு, வரிசை எண், ஃபைலின் ஹாஷ், எந்த முறையில் கணக்கிட்டது என்பனவெல்லாம் அதில் வரும். இரண்டாம் பகுதி நிபுணருடையது. அதை உங்கள் வழக்கறிஞர் ஏற்பாடு செய்ய வேண்டும்.

மூலச் சாதனத்தையே அதன் உரிமையாளர் நீதிமன்றத்தில் காட்டிச் சாட்சி சொன்னால் இந்தச் சான்றிதழ் தேவையில்லை என்று 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் பழைய சட்டத்தின்கீழ் உச்ச நீதிமன்றம் சொன்னது. லேப்டாப்பையும் கைபேசியையும் கைவிடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் அதுதான். இவையெல்லாம் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால்தான். உள்ளகக் குழுவில் புகார் கொடுக்கச் சான்றிதழ் தயாராகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சொல்லாமல் பதிவு செய்வது

'அழைப்பை ரகசியமாகப் பதிவு செய்தால் ஜெயில்' என்று அலுவலகத் தோழி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்களே பங்கேற்கும் உரையாடலை நீங்கள் பதிவு செய்வதைக் குற்றமாக்கும் சட்டப் பிரிவு நம் நாட்டில் இல்லை. மற்றவர்கள் பேசுவதை இடைமறித்துக் கேட்பதுதான் குற்றம். இரண்டுக்கும் உள்ள கோடு மெல்லியது, ஆனால் தெளிவானது: கூட்டத்தைவிட்டு நீங்கள் வெளியேறிய பிறகும் ஏதோ ஒரு வழியில் பதிவு ஓடிக்கொண்டிருந்தால், அது உங்கள் உரையாடல் அல்ல.

குற்றமில்லை என்பதால் ஆபத்தே இல்லை என்று ஆகாது. உச்ச நீதிமன்றத்தின் 2017 புட்டசாமி தீர்ப்புக்குப் பிறகு தனியுரிமை அடிப்படை உரிமை. ரகசியப் பதிவு அந்த உரிமையை மீறுகிறது என்று சொல்லி, பதிவைச் சாட்சியமாக ஏற்க மறுத்த உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும் உண்டு. 2025 ஜூலையில் விபோர் கார்க் வழக்கில், மனைவி அறியாமல் கணவர் செய்த பதிவை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது குடும்ப வழக்கு, உங்களுடையதற்கு அப்படியே பொருந்தாது. பதிவு வழக்குக்குச் சம்பந்தமுள்ளதா, குரல் யாருடையது என்று அடையாளம் காட்ட முடிகிறதா, இடையில் வெட்டு ஒட்டு இல்லையா என்ற மூன்றையும்தான் நீதிமன்றங்கள் பல பத்தாண்டுகளாகப் பார்த்து வருகின்றன. இவை தவிர உங்கள் நிறுவனத்தின் பணிவிதி இருக்கிறது. கூட்டங்களை அனுமதியின்றிப் பதியக் கூடாது என்று அதில் இருந்தால், சட்டக் குற்றம் இல்லாவிட்டாலும் ஒழுங்கு நடவடிக்கை வரலாம். நியமனக் கடிதத்தோடு தந்த விதிகளை எடுத்துப் படியுங்கள்.

என் கருத்து: பலர் பங்கேற்கும் அலுவலகக் கூட்டங்களைப் பதியாதீர்கள். அவர் தனியாக அழைத்து, பேச்சு தப்பான பக்கம் போகும் என்று நியாயமாக அஞ்சும் அழைப்பை மட்டும் பதியுங்கள். அழைப்பு தொடங்கும் முன்பே ஆரம்பித்து, முடிந்த பிறகு நிறுத்துங்கள். நீங்களாகப் பேச்சைத் தூண்டாதீர்கள்.

இதற்கு ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருள் நல்லது. கூடுதல் அமைப்புகளில் கணினியிலிருந்து வரும் குரலைத் தனித் தடத்திலும் உங்கள் மைக்கைத் தனித் தடத்திலும் பதியும்படி வைக்கலாம். யார் என்ன சொன்னார்கள் என்பதில் குழப்பம் வராது. பதிவின் வடிவத்தை எம்கேவி என்று வையுங்கள். சாதாரண எம்பி4 ஃபைலில் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படுகிறது. நடுவில் கரண்ட் போய் லேப்டாப் அணைந்தால் மொத்தப் பதிவும் திறக்காது. எம்கேவி-யில் அதுவரை பதிந்தது பிழைக்கும். விநாடிக்கு 2500 கிலோபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.1 ஜிபி ஆகும், அந்த இடம் டிரைவில் இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கிராஃபிக்ஸ் சில்லுள்ள லேப்டாப்பில் திரை கறுப்பாக வந்தால், வின்டோஸின் கிராஃபிக்ஸ் அமைப்பில் ஓபிஎஸ்ஸை 'மின்சேமிப்பு' என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். புளூடூத் ஹெட்செட் மாட்டியிருந்தால் அவர் குரல் பதியாமல் போவது அடிக்கடி நடக்கும். முன்கூட்டியே ஒரு நிமிடம் பதிந்து கேட்டுப் பாருங்கள். இந்த மென்பொருளை அலுவலகம் கொடுத்த கணினியில் ஒருபோதும் நிறுவாதீர்கள்.

ஆனால் பதிவைவிட வலுவான ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. அவர் மறுபடி ஆரம்பித்தால், 'வேலை சம்பந்தமானதை மட்டும் எனக்கு அனுப்புங்கள், மற்றவற்றை நான் விரும்பவில்லை' என்று எழுத்தில் பதில் போடுங்கள். விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்ன பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் பின்தொடர்தல் குற்றம். முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறை. அந்த ஒரு வரி இல்லாததால் திணறும் வழக்குகள் பல.

அந்தப் படத்துக்கு எந்தச் சட்டம்

அது 'மறைந்திருந்து பார்த்தல்' குற்றம், நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு என்று படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிரிவு ஒரு பெண் அந்தரங்கமான செயலில் இருக்கும்போது பார்ப்பதையும் படமெடுப்பதையும் பற்றியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு அந்தரங்க உறுப்புகளின் படத்தைப் பற்றியது. நீங்கள் உடையோடு அலுவலகக் கூட்டத்தில் இருந்ததால் இரண்டும் பொருந்துவது கடினம். பொருந்தாத பிரிவைப் பிடித்துக்கொண்டால் புகாரே பலவீனமாகும். படத்தோடு வந்த ஆபாச வரி நியாய சன்ஹிதாவின் 75-ஆம் பிரிவில் பாலியல் சாயல் கொண்ட பேச்சு. ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பெண்ணின் மானத்தை அவமதிக்கும் சொல், சைகை பற்றிய 79-ஆம் பிரிவும் பரிசீலிக்கத்தக்கது. 2013 சட்டப்படி அது தெளிவான துன்புறுத்தல். வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது நடந்தது என்பதால் பணியிடம் இல்லை என்று அவர் வாதிடலாம். அந்தச் சட்டத்தின் பணியிட வரையறையில் வீடும் வருகிறது.

தம்பியும் தோழியும் சொன்ன வழிகள்

முகநூலில் போடாதீர்கள். 2013 சட்டத்தின் 16-ஆம் பிரிவு புகாரின் உள்ளடக்கத்தையும் இரு தரப்பு அடையாளத்தையும் வெளியிடத் தடை விதிக்கிறது. அவதூறு வழக்கு போட அவருக்கு நீங்களே வாய்ப்புக் கொடுத்ததாகவும் ஆகும். தம்பியின் கோபம் எனக்குப் புரிகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. அந்த நகல்களை வேறு யாருக்கும் அனுப்பாமல் வைத்திருப்பதுதான் இப்போது அவர் அக்காவுக்குச் செய்யக்கூடிய உதவி என்று சொல்லுங்கள்.

தோழி சொன்ன கடவுச்சொல் வழியை எண்ணிக்கூடப் பார்க்காதீர்கள். அனுமதியின்றி ஒருவர் கணக்கில் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் குற்றம்: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புகார் கொடுக்க வேண்டிய நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவராக நிற்பீர்கள்.

இந்த வாரம்

புகாரை எழுதுங்கள். 2013 விதிகளின்படி ஆறு பிரதிகள், துணை ஆவணங்கள், சாட்சிகள் இருந்தால் பெயரும் முகவரியும் சேர்த்து உள்ளகக் குழுத் தலைவரிடம் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். விசாரணை நடக்கும்போது அவர் கீழ் வேலை செய்யாமலிருக்க இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ கேட்கலாம், 12-ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது. மீண்டும் அந்த மேலாளரின் கீழ் அனுப்புவார்கள் என்ற உங்கள் பயத்துக்கு நேரான மருந்து அந்தப் பிரிவுதான். கோரிக்கையைப் புகாரிலேயே எழுதுங்கள். குழு தொண்ணூறு நாளுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். இதோடு கூடவே அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. வழக்கறிஞர் செலவுக்குத் தயங்கினால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

குழுவின் விசாரணைக்குள் வழக்கறிஞரை அழைத்துப் போக விதி அனுமதிப்பதில்லை. நீங்களேதான் பேச வேண்டும். அதனால் ஒரு தாளில் தேதி, நேரம், எந்தச் செயலி, என்ன நடந்தது, எந்த எண்ணிட்ட படம் என்று ஐந்து மாதத்தையும் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். நீக்கிய வாட்ஸ்அப் செய்திகளில் நினைவில் உள்ளவற்றையும் 'நினைவிலிருந்து' என்று குறித்து அதே வரிசையில் சேருங்கள். அந்தத் தாளைப் பார்த்துப் பேசுங்கள். பார்த்துப் பேசுவதில் தவறில்லை.